வீட்டுக்குள் போன்சாய்: புதிதாக வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

போன்சாய் வாங்கியவர்களும் வாங்க யோசிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறோம். வேறு மரத்தின் பெயர் வராத இடத்தில் எல்லாப் பதில்களும் இச்சி மரத்துக்கு, அதாவது நர்சரியில் ‘ஃபைகஸ்’ என்று விற்கப்படும் சிற்றிலை ஃபைகஸ் மைக்ரோகார்பாவுக்கு உரியவை. பருவக் கணக்கு சென்னை, திருச்சி, மதுரை போன்ற சமவெளி ஊர்களுக்குப் பொருந்தும். ஊட்டி, கொடைக்கானலுக்குப் பொருந்தாது.

போன்சாய்னா தனி ரக மரமா? ஆன்லைன்ல போன்சாய் விதைன்னு விக்கிறாங்களே, வாங்கலாமா?

தனி ரகம் இல்லை. சாதாரண மரத்தைச் சின்னத் தொட்டியில் வைத்து, வேரையும் கிளையையும் வெட்டி வெட்டி, மரத்தின் தோற்றம் கெடாமல் குட்டையாகவே வைத்திருக்கும் வேலைக்குத்தான் போன்சாய் என்று பெயர். அதே இச்சியைத் தரையில் நட்டால் தெருவையே மூடும் அளவுக்கு வளரும்.

ஆகவே ‘போன்சாய் விதை’ என்று ஒன்று கிடையாது. அந்தப் பாக்கெட்டில் நல்ல விதை இருந்தாலும் அது சாதாரண மர விதைதான். பல சமயம் நம் வெயிலுக்கு ஒத்தே வராத குளிர்தேச மரத்தின் விதையாக இருக்கும். நீலநிற மேப்பிள் படம் போட்ட பாக்கெட்டைத் தொடவே வேண்டாம். அப்படி ஒரு மரம் உலகத்தில் இல்லை. விதையிலிருந்து தொடங்கினால் கத்தரி எடுக்கவே மூன்று நான்கு வருஷம் ஆகும். முதல் மரத்தைச் செடியாகவே வாங்குங்கள்.

முதல் தடவையா வளர்க்கப் போறேன். எது வாங்கினா சாகாது?

சாகாத மரம் இல்லை. சாகடிக்கக் கஷ்டமான மரம் இருக்கிறது: இச்சி. கொஞ்சம் வெளிச்சம் குறைந்தாலும், ஒரு நாள் தண்ணீர் மறந்தாலும், கிளையைத் தவறாக வெட்டிவிட்டாலும் திரும்பத் தளிர்க்கும். மொட்டைக் கட்டையிலிருந்தே துளிர் விடும்.

இரண்டாவது, சிறிய உருண்டை இலை ஜேட் செடி. இது தண்ணீரை இலையிலும் தண்டிலும் சேர்த்து வைத்துக்கொள்ளும் என்பதால், தண்ணீர் ஊற்ற மறப்பவர்களுக்கு இச்சியைவிட ஏற்றது. ஆனால் வெளிச்சம் கூடுதலாக வேண்டும். ஃபைகஸ் பெஞ்சமினா பார்க்க அழகு. இடம் மாற்றினால் கோபித்துக்கொண்டு இலையைக் கொட்டும், இலையே இல்லாமல் வெட்டிய கிளை அடிவரை காய்ந்துபோகும். அடீனியம் முழு வெயில் மரம். பைன், ஜூனிபர் வகைகளுக்குக் குளிர்கால ஓய்வு வேண்டும். அவற்றை ஃபிளாட்டுக்குள் வைத்தால் பல மாதம் பச்சையாகவே நின்று ஏமாற்றும். நாம் கவனிக்கும்போது செத்து வாரக்கணக்காகியிருக்கும்.

நர்சரியில அடியில கிழங்கு மாதிரி குண்டா, மேல கொஞ்சம் இலையோட இருக்கே, அது நல்லதா?

‘ஜின்செங் ஃபைகஸ்’ என்று விற்பது அதுதான். விதையிலிருந்து வளர்த்த இச்சியின் பருத்த வேரை மண்ணுக்கு மேலே தெரியும்படி தூக்கி நட்டு, தலையில் சிறிய இலை ரகத்தை ஒட்டுக் கட்டியிருப்பார்கள். உறுதியான செடி. பழகுவதற்கு ஏற்றது. மரம் மாதிரி தெரியாது என்பதுதான் ஒரே குறை.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். தொட்டியின் அடியில் துளை இருக்கிறதா? அடிமரத்தைப் பிடித்து மெல்ல அசைத்தால் ஆடுகிறதா? ஆடினால் வேர் பிடிக்கவில்லை. மேலே போட்ட கூழாங்கல் பசையால் ஒட்டியிருக்கிறதா? ஒட்டியிருந்தால் ஊற்றும் தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரமாக வழிந்து ஓடிவிடும். வீட்டுக்கு வந்த அன்றே ஸ்க்ரூடிரைவர் முனையால் அந்தக் கல்லைப் பெயர்த்து எறியுங்கள்.

ஒட்டுக்குக் கீழே, கிழங்கிலிருந்து பெரிய இலையோடு கிளை கிளம்பினால் அடியோடு கிள்ளிவிடுங்கள். விட்டால் ஒட்டுக் கிளையின் சத்தையெல்லாம் அது இழுத்துக்கொள்ளும்.

ஹால்ல டிவி ஸ்டாண்ட் மேல வைக்கலாமா?

வைக்கலாம், விருந்தாளி வரும் நாளில். மறுநாள் ஜன்னலுக்குத் திரும்ப வேண்டும்.

வீட்டுக்குள் போன்சாய் சாவதற்கு முதல் காரணம் வெளிச்சக் குறைவுதான். தண்ணீர்ப் பிரச்சினைகள் பாதி அதிலிருந்தே வருகின்றன. நம் கண் வெளிச்சத்துக்குத் தக்கபடி தன்னைச் சரிசெய்துகொள்வதால் ஹால் பளிச்சென்று தெரிகிறது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். நடுப்பகல் வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். ஹாலின் உட்சுவர் ஓரம் 200 முதல் 500 லக்ஸ்தான். இச்சி நன்றாக வளர 5,000 லக்ஸுக்கு மேல் பல மணி நேரம் கிடைக்க வேண்டும். கைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலிகள் உண்டு. துல்லியம் சுமார்தான் என்றாலும் ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடு ஒப்பிட அது போதும்.

சரியான இடம் கிழக்கு ஜன்னல் அல்லது கிழக்கு பால்கனி. காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் நேராக விழ வேண்டும். தெற்கு ஜன்னலும் நல்லது. மேற்கு ஜன்னல் என்றால் ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் மதியத்துக்குப் பிறகு மெல்லிய திரை போடுங்கள். கண்ணாடிச் சூட்டில் இலை கருகும். வடக்கு ஜன்னலில் உயிரோடு இருக்கும், வளராது. எந்த ஜன்னலானாலும் தொட்டி கண்ணாடியிலிருந்து ஓரடிக்குள் இருக்கட்டும். வாரம் ஒருமுறை கால் சுற்று திருப்பி வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் அடர்ந்து மறுபக்கம் மொட்டையாகும்.

எங்க ஃபிளாட்ல வெயிலே வராது. டியூப் லைட் போதுமா?

கூரையில் இருக்கும் டியூப் லைட் போதாது. விளக்கு மரத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். 20 முதல் 30 வாட் வெள்ளை எல்இடி, 6500 கெல்வின் என்று எழுதியிருப்பது, இலை உச்சியிலிருந்து 20–30 செ.மீ. உயரத்தில், தினமும் 12 முதல் 14 மணி நேரம். ஊதா நிறத்தில் எரியும் ‘க்ரோ லைட்’தான் வேண்டும் என்பதில்லை. ஒரு டைமர் பிளக் வாங்கி மாட்டிவிட்டால் மறதிப் பிரச்சினை தீரும். ராத்திரி முழுக்க எரியவிட வேண்டாம்.

ஏசி ரூம்ல வைக்கலாமா?

ஏசி குளிர் இச்சியை ஒன்றும் செய்யாது. காற்று நேராக இலைமேல் வீசுவதுதான் கெடுதல். ஏசி வீசும் திசையிலிருந்து விலக்கி வையுங்கள். தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் ஊற்றி அதன்மேல் தொட்டியை வைக்கச் சொல்வார்கள். தட்டில் நிற்கும் தண்ணீர் தொட்டியின் அடியைத் தொடாதவரை தவறில்லை, ஆனால் அதனால் கூடும் ஈரப்பதம் மிகக் கொஞ்சம். கடலோர ஊர்களில் அது தேவையே இல்லை.

தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவை ஊத்தணும்?

இந்தக் கேள்விக்கு நாள் கணக்கில் பதில் சொல்பவரை நம்பாதீர்கள். ஒரே மரம் மே மாத பால்கனியில் தினம் இரண்டு முறை கேட்கும். நவம்பர் மழையில் நான்கு நாள் கேட்காது. மண்ணைத் தொட்டுப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும்.

வார்னிஷ் இல்லாத ஒரு ஐஸ்குச்சியோ மூங்கில் குச்சியோ எடுத்து, தொட்டியின் ஓரத்துக்கும் அடிமரத்துக்கும் நடுவில் அடிவரை செருகி, பத்து நிமிடம் விட்டு உருவிப் பாருங்கள். குச்சி முழுக்க நிறம் மாறி ஈரமாக இருந்தால் இன்று வேண்டாம். நுனியில் மட்டும் ஈரம் என்றால் ஊற்றலாம். முழுக்கக் காய்ந்திருந்தால் நேற்றே ஊற்றியிருக்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் இப்படிச் செய்தால், தொட்டியைத் தூக்கும்போது கனத்தை வைத்தே தெரிந்துவிடும்.

ஊற்றும்போது அரை டம்ளர், கால் டம்ளர் என்று அளக்காதீர்கள். பூவாளியால் மண் முழுக்க நனைய ஊற்றி, அடித்துளை வழியாக வடியவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை ஊற்றுங்கள். முதல் முறை மண்ணை இளக்கும், இரண்டாம் முறைதான் உள்ளே ஊறும். கீழ்த்தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். மண் கட்டியாகக் காய்ந்து தண்ணீரை ஏற்காமல் வழியவிட்டால், ஒரு டப்பில் தொட்டியின் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி உள்ளே இறக்கி வையுங்கள். குமிழி வருவது நின்றதும் எடுத்து வடியவிடுங்கள்.

போர் தண்ணி ஊத்தலாமா? ஆர்ஓ தண்ணி நல்லதா?

உப்பு குறைந்த போர் தண்ணீர் பரவாயில்லை. தொட்டி விளிம்பிலும் அடிமரத்திலும் வெள்ளைப் படிவம் ஏறினால் உப்பு அதிகம். நாளடைவில் இலை நுனி பழுப்பாகக் கருகும். அப்போது மழைநீரோ ஆர்ஓ குடிநீரோ கலந்து ஊற்றுங்கள். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரை மட்டும் ஊற்றக் கூடாது, உப்பு எல்லாம் அதில்தான் இருக்கிறது. மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் வாசம் தூக்கலாக இருந்தால் ஒரு ராத்திரி வாளியில் திறந்து வைத்து ஊற்றலாம்.

தோட்டத்து செம்மண் போட்டா என்ன? எதுக்கு இவ்வளவு மண் கலவை பேச்சு?

ஆழமான தொட்டியில் செம்மண் ஓரளவு வேலை செய்யும். இரண்டு அங்குல ஆழப் போன்சாய்த் தொட்டியில் அது சில மாதங்களில் இறுகி, தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். வேருக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும். காற்று போகாத மண்ணில் வேர் அழுகும். நீங்கள் சரியாகத்தான் தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள். தப்பு மண்ணில் இருக்கும்.

இங்கே சுலபமாகக் கிடைப்பதை வைத்து ஒரு கலவை: செங்கல் நொறுக்கு 2 பங்கு, கழுவிய பருமணல் 1 பங்கு, மண்புழு உரமும் தென்னை நார்த்தூளும் சேர்ந்து 1 பங்கு. செங்கலைச் சுத்தியலால் உடைத்து, 5 மி.மீ. சல்லடையில் விழுவதை எடுத்து, மறுபடி மாவுச் சல்லடையில் சலித்துத் தூளைத் தள்ளிவிடுங்கள். கடுகு அளவிலிருந்து மிளகு அளவு வரை இருக்கும் துண்டுகள்தான் நமக்கு வேண்டும். கலவையின் உயிரே இந்தத் தூள் நீக்குவதில்தான் இருக்கிறது. சோம்பலில் தூளோடு போட்டால் அது கீழே இறங்கி அடித்துளையைச் சேறாக்கும். நன்றாக வெந்த செங்கலாகப் பாருங்கள். அரைவேக்காட்டுச் செங்கல் தண்ணீர் பட்டுக் கரையும். நார்த்தூளை இரண்டு மூன்று முறை தண்ணீரில் அலசிப் பிழிந்தால் அதிலுள்ள உப்பு போகும்.

ஜப்பானிய ‘அகடாமா’ மண் நல்ல பொருள்தான். முதல் மரத்துக்கு அந்தச் செலவு வேண்டாம்.

வாங்கி ஒரு வாரம்தான் ஆச்சு, இலை எல்லாம் கொட்டுது. செத்துடுச்சா?

பெரும்பாலும் இல்லை. நர்சரி நிழல்வலையிலிருந்து உங்கள் வீட்டுக்கு வந்ததில் வெளிச்சமும் காற்றின் ஈரமும் மாறியிருக்கும். பழைய வெளிச்சத்துக்கான இலையை உதிர்த்துவிட்டுப் புது இலை விடுவது இச்சியின் வழக்கம். நகத்தால் ஒரு சிறு கிளையின் பட்டையை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால் அந்தக் கிளை போயிற்று. இன்னும் கீழே சுரண்டுங்கள்.

இந்த நேரத்தில் மூன்று தவறுகள் நடக்கும். பயத்தில் தண்ணீரைக் கூட்டுவது ஒன்று. இலை குறைந்தால் மரம் குடிக்கும் தண்ணீரும் குறையும், அதனால் கூட்டுவது வேரை அழுக வைக்கும். உரம் போடுவது இரண்டாவது. தினம் ஓர் இடமாக மாற்றுவது மூன்றாவது. நல்ல ஜன்னலில் வைத்துவிட்டு, குச்சி பார்த்துத் தண்ணீர் ஊற்றி, மூன்று நான்கு வாரம் விட்டுவிடுங்கள்.

இலை மஞ்சளாகுது. தண்ணி ஜாஸ்தியா, கம்மியா?

உள்பக்கத்துப் பழைய இலை அங்கொன்றும் இங்கொன்றுமாக மஞ்சளானால் அது இயல்பு, விடுங்கள். பல இலைகள் சேர்ந்து மஞ்சளாகி, தொட்டதும் உதிர்ந்து, மண்ணும் ஈரமாகவே இருந்தால் தண்ணீர் அதிகம். இலை பச்சையாகவே சுருண்டு மொடமொடப்பாகக் காய்ந்தால் தண்ணீர் குறைவு. நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும், அதுவும் புதுத் தளிரில் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறை. உப்புத் தண்ணீர் ஊற்றுகிற வீடுகளில் இது சகஜம்; தண்ணீரை மாற்றாமல் மருந்து மட்டும் போட்டுப் பயனில்லை.

மண்ணை முகர்ந்தால் சாக்கடை வாடை அடிக்கிறதென்றால் பருவம் பார்க்காதீர்கள். உடனே மரத்தை வெளியே எடுத்து, கறுத்துக் கொழகொழவென்று இருக்கும் வேர்களை வெட்டித் தள்ளி, மேலே சொன்ன கலவையில் நட்டு, நிழலில் வையுங்கள்.

உரம் எது, எவ்வளவு? புண்ணாக்குத் தண்ணி ஊத்தலாமா?

தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள, தண்ணீரில் கரையும் 19:19:19 உரம் ஒரு லிட்டருக்கு 1 கிராம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை. மட்டமாக ஒரு டீஸ்பூன் ஏறக்குறைய 5 கிராம், அதாவது ஐந்து லிட்டருக்கு. மண் ஈரமாக இருக்கும்போதுதான் ஊற்ற வேண்டும். காய்ந்த மண்ணில் ஊற்றினால் வேர் கருகும். துளிர் விடாமல் சும்மா நிற்கும் மாதங்களில் மாதம் ஒருமுறை போதும். யூரியா வேண்டவே வேண்டாம்: இலை பெரிதாகும், கணு இடைவெளி நீளும். போன்சாயில் நாம் விரும்புவது இதற்கு நேர் எதிர்.

கடலைப் புண்ணாக்குக் கரைசல் மரத்துக்கு நல்லது, வீட்டுக்குத்தான் ஆகாது. நாற்றமும் சிறு கொசு மாதிரி ஈக்களும் வரும். பால்கனியில் என்றால் ஊற்றலாம்.

எப்போ வெட்டணும், எவ்வளவு வெட்டணும்? வெட்டினா பால் வடியுதே?

புதுத் தளிரில் ஆறு முதல் எட்டு இலை வரும்வரை விடுங்கள். பிறகு இரண்டு மூன்று இலை விட்டு மீதியை வெட்டுங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழுள்ள இலைக் காம்புகளின் கக்கத்திலிருந்து புதுக்கிளை வரும். கடைசியாக விடும் இலை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் கிளை போகும். வலப்பக்கம் கிளை வேண்டுமென்றால் வலப்பக்க இலைக்குச் சற்று மேலே வெட்டுங்கள். மேலே பலமாகவும் கீழே மெலிவாகவும் வளர்வது மரத்தின் சுபாவம் என்பதால், உச்சியைக் கறாராகவும் கீழ்க் கிளைகளைத் தாராளமாக விட்டும் வெட்ட வேண்டும். புதியவர்கள் செய்வது நேர்மாறாக இருக்கும்: கைக்கு எட்டும் கீழ்க் கிளையை வெட்டித் தீர்த்துவிடுவார்கள், பிறகு மரம் துடைப்பம் போல நிற்கும்.

பால் வடிவது இச்சிக்கு இயல்பு. ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், சிறிது நேரத்தில் தானே நின்றுவிடும். தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும். கண்ணில் படக் கூடாது. பூனை, நாய் கடிக்காத இடத்தில் வையுங்கள். கத்தரியை உடனே துடைக்காவிட்டால் பால் காய்ந்து பிசினாகிப் பிடித்துக்கொள்ளும்.

கம்பி கட்டாம வளர்க்க முடியாதா? கட்டினா என்ன கம்பி?

முடியும். வெட்டி வளரவிட்டு, வெட்டி வளரவிட்டே வடிவம் கொண்டுவருவது ஒரு முறை. இச்சிக்கு அது நன்றாகவே பொருந்தும். கிளையைக் கீழ்நோக்கி வளைக்க வேண்டுமென்றால்தான் கம்பி.

அலுமினியக் கம்பி எடுங்கள். கிளையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும்: 6 மி.மீ. கிளைக்கு 2 மி.மீ. கம்பி. கட்டட வேலைக் கட்டுக்கம்பி வேண்டாம், துருப்பிடிக்கும். அடிமரத்தில் ஒரு சுற்றுப் பிடிமானம் கொடுத்து, கிளைமேல் 45 பாகைச் சாய்வில் சீரான இடைவெளியில் சுற்றுங்கள். கம்பிக்கும் பட்டைக்கும் நடுவில் இடைவெளி விடாமல், இறுக்கியும் நெரிக்காமல் பட்டையைத் தொட்டுக்கொண்டு போனால் போதும். சுற்றி முடித்த பிறகு, வளைவின் வெளிப்பக்கம் கம்பி வரும்படி கட்டைவிரலால் தாங்கி மெல்ல வளைக்க வேண்டும்.

இச்சி வேகமாகப் பருக்கும் மரம். வெயில் காலத்தில் நான்கு வாரத்திலேயே கம்பி பட்டையில் புதையத் தொடங்கலாம். வாராவாரம் பாருங்கள். கழற்றும்போது சுற்றிப் பிரிக்காமல் கட்டரால் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். கிளை பழைய நிலைக்கே திரும்பினால் மறுபடி கட்டலாம். ஜேட் செடிக்கு எச்சரிக்கை: தண்டில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது வளைத்தால் பட்டென்று ஒடியும். சில நாள் தண்ணீரை நிறுத்தி, தண்டு சற்றுத் துவண்டதும் வளையுங்கள்.

தொட்டி மாத்தறது எப்போ? வேரை வெட்டினா செத்துடாதா?

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. அடித்துளையில் வேர் எட்டிப் பார்ப்பது, ஊற்றிய தண்ணீர் மண்மேல் நின்று தயங்குவது, மரம் தொட்டியிலிருந்து மேலே எழும்புவது ஆகியவை நேரம் வந்ததற்கு அடையாளம். பிப்ரவரி–மார்ச் நல்ல காலம், விட்டால் ஜூலை–ஆகஸ்ட். மே மாத அனலிலும் மார்கழிக் குளிரிலும் வேண்டாம்.

ஒருநாள் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். அடித்துளையில் கொசுவலைத் துண்டு வைத்து, மரத்தைக் கட்டுவதற்கு ஒரு கம்பியைத் துளை வழியே கோத்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். மரத்தை எடுத்து, குச்சியால் வெளியிலிருந்து உள்நோக்கி வேரைச் சிக்கெடுங்கள். நேர்கீழாகப் போகும் தடித்த வேர்களையும் வட்டமாகச் சுற்றியவற்றையும் வெட்டி, மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குவரை குறைக்கலாம். நுண்வேர்கள்தான் தண்ணீர் குடிப்பவை, அவற்றைக் காப்பாற்றுங்கள். புதுக் கலவையில் உட்காரவைத்து, கோத்த கம்பியால் வேர்க்கட்டை இறுக்கிக் கட்டுங்கள். இந்தக் கட்டைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மரம் ஆடினால் புதிதாக முளைக்கும் வேர் அறுந்துகொண்டே இருக்கும். இடுக்குகளில் கலவை இறங்கக் குச்சியால் குத்திவிட்டு, துளையில் வடியும் தண்ணீர் தெளியும்வரை ஊற்றுங்கள். மூன்று வாரம் நிழல், ஆறு வாரம் உரம் இல்லை.

தொட்டி அளவு: ஆழம் அடிமரத்தின் தடிமன் அளவு, நீளம் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. இது காட்சிக்கு வந்த மரத்துக்கான கணக்கு. வளர்கிற மரத்துக்குப் பெரிய தொட்டி கொடுங்கள்.

கிளை இடுக்குல பஞ்சு பஞ்சா இருக்கு. சில இலை தோசை மாதிரி மடிஞ்சிருக்கு. என்ன மருந்து?

பஞ்சு என்பது மாவுப்பூச்சி. ஸ்பிரிட்டில் நனைத்த காது குடையும் பஞ்சுக் குச்சியால் ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டு, லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில சொட்டுச் சோப்புத் திரவமும் கலந்து மாலையில் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். மரத்தில் எறும்பு ஏறினால் அதையும் தடுங்கள். மாவுப்பூச்சி சுரக்கும் தேன் பாகுக்காக எறும்பு அதைப் பாதுகாக்கும்.

மடிந்த இலை வேறு விவகாரம். பிரித்தால் உள்ளே கறுப்பாகச் சிறு பூச்சிகள் ஓடும், அவை இலைப்பேன்கள். மடிப்புக்குள் மருந்து போகாது. மடிந்த இலைகளைக் கிள்ளி, பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, அடுத்து வரும் தளிரில் வேப்பெண்ணெய் அடிப்பதுதான் வழி.

இப்படி வெட்டிக் குறுக்கி வளர்க்கிறது மரத்துக்குக் கொடுமை இல்லையா? வீட்டுக்கு ஆகாதுன்னும் சொல்றாங்க.

ஆகும், ஆகாது என்பது நம்பிக்கை. அதில் மர வளர்ப்புக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கொடுமையா என்பதற்குப் பதில் உண்டு. பட்டினி போட்டுக் குறுக்குவதாக நினைப்பது தவறு. சத்தும் தண்ணீரும் குறைந்த மரம் குட்டையாகாது, நோயாளியாகும். வேர் புதுப்பிக்கப்படும் மரம் தொட்டியில் பல நூறு வருஷம் இருக்கும். ஹிரோஷிமாவில் யமாகி குடும்பத்தாரிடம் இருந்த ஒரு வெண்பைன் 1625 முதல் போன்சாயாக வளர்க்கப்படுவது. 1945இல் குண்டு விழுந்த இடத்துக்குச் சுமார் மூன்று கிலோமீட்டர் தொலைவில் இருந்து தப்பியது. 1976இல் அமெரிக்காவுக்குக் கொடுக்கப்பட்டு, வாஷிங்டனில் இன்னும் துளிர்க்கிறது.

மூணு வருஷமா வளர்க்கிறேன், அடிமரம் பென்சில் மாதிரியே இருக்கு. ஏன்?

சின்னத் தொட்டிக்குச் சீக்கிரம் போய்விட்டீர்கள். அடிமரத்தைப் பருக்கவைப்பது இலையும் ஓடுகிற கிளையும். நீங்கள் மாதாமாதம் கத்தரித்து அவற்றை எடுத்துவிடுகிறீர்கள். முதலில் பருமன், பிறகு கிளை, கடைசியில்தான் அழகுத் தொட்டி. இந்த வரிசை மாறினால் மரம் அப்படியே நின்றுவிடும்.

பத்து அல்லது பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்கோ மொட்டைமாடியில் அகலமான டப்புக்கோ மாற்றி, முழு வெயிலில் ஒன்றிரண்டு வருஷம் கத்தரியே படாமல் ஓடவிடுங்கள். அடியில் ஒரு கிளையை மட்டும் வெட்டாமல் நாலைந்து அடி நீளவிட்டால் அதற்குக் கீழுள்ள பகுதி வேகமாகப் பருக்கும். வேண்டிய பருமன் வந்ததும் அந்தக் கிளையை அடியோடு வெட்டிவிடலாம். ஜன்னலுக்குள் இது நடக்காது. வெயிலுக்குக் கொண்டுபோகும்போது முதல் இரண்டு வாரம் காலை வெயில் மட்டும் காட்டிப் பழக்குங்கள்.

விழுது வரவைக்க முடியுமா?

முடியும், காற்றில் ஈரம் இருந்தால். கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழையில் பால்கனி மரத்தில் தானாகவே செந்நிற நுனி எட்டிப் பார்க்கும். அதைத் தரைக்கு இறக்க, ஒரு ஸ்ட்ராவை நீளவாக்கில் கீறி விழுதைச் சுற்றி மாட்டி, உள்ளே ஈரமான நார்த்தூளை அடைத்து, கீழ்முனையை மண்ணில் ஊன்றுங்கள். மண்ணைத் தொட்டு வேர்பிடித்ததும் ஸ்ட்ராவை எடுத்துவிடலாம். ஏசி அறையில் இதற்கு மெனக்கெட வேண்டாம்.

இலையை எல்லாம் உதிர்த்துவிட்டா சின்ன இலையா வரும்னு படிச்சேன். செய்யலாமா?

செய்யலாம், மரம் திடமாக இருந்தால். ஏப்ரல் வாக்கில், காம்பை விட்டு இலையை மட்டும் கத்தரிக்க வேண்டும். பறித்து இழுத்தால் கக்கத்து மொட்டு சேதமாகும். மூன்று நான்கு வாரத்தில் புது இலை வரும். நல்ல வெயிலில் வந்தால்தான் அது சிறிதாக இருக்கும். மங்கிய வெளிச்சத்தில் இலை பெரிதாகவே வரும், மரமும் பலமிழக்கும். தொட்டி மாற்றிய வருஷம், பூச்சி வந்த வருஷம், பருக்கவிட்டிருக்கும் வருஷம் ஆகியவற்றில் தொடாதீர்கள். முதல் இரண்டு வருஷம் இதை மறந்துவிடுவது நல்லது.

பொங்கலுக்குப் பத்து நாள் ஊருக்குப் போறோம். என்ன செய்யறது?

தை மாதம் என்பதால் பிழைத்தீர்கள். சித்திரையில் பத்து நாள் என்றால் பக்கத்து வீட்டாரிடம்தான் கொடுக்க வேண்டும். டப்பில் முக்கி நனைத்து வடியவிட்டு, நேர்வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வையுங்கள். மரத்தைவிட உயரமாக ஒரு வாளித் தண்ணீர் வைத்து, தடித்த பருத்திக் கயிற்றின் ஒரு முனையை வாளியின் அடியிலும் மறுமுனையை மண்ணுக்குள் ஓர் அங்குலம் ஆழத்திலும் புதைத்துவிட்டால் கசிந்துகொண்டே இருக்கும். போவதற்கு மூன்று நாள் முன்பே வைத்துச் சோதித்துப் பாருங்கள். கயிறு மெல்லியதாக இருந்தால் மண் காயும், அளவுக்கு மீறித் தடித்திருந்தால் சேறாகும். தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் உட்காரவைத்துவிட்டுப் போகாதீர்கள்.

எங்க மாடிச் சுவர்ல ஒரு செடி முளைச்சிருக்கு, ஆலா அரசான்னு தெரியல. அதை எடுத்து போன்சாய் பண்ணலாமா?

பறவை எச்சத்தில் வந்த விதை. இலையைப் பாருங்கள். இதய வடிவில், நுனியில் வால்போல நீண்டிருந்தால் அரசு. கையகலத்தில் தடித்த முட்டை வடிவ இலை என்றால் ஆல். இரண்டு அங்குல அளவில் வழவழப்பான சிற்றிலை என்றால் இச்சி, உங்களுக்கு அதிர்ஷ்டம். அரசும் ஆலும் போன்சாய்க்கு ஆகாதவை அல்ல. இலை பெரிது என்பதால் இரண்டடிக்கு மேல் மரம் வைத்தால்தான் பொருத்தமாகத் தெரியும், ஜன்னல் மேடையில் அடங்காது.

மழை பெய்து சுவர் ஊறிய பிறகு எடுங்கள். இழுத்தால் வேர் உள்ளே அறுந்து, கையில் வெறும் தண்டு வரும். சின்ன உளியால் காரையைப் பெயர்த்து, கிடைத்த வேரோடு எடுத்து, தண்டை ஆறேழு அங்குலத்தில் வெட்டி, இலைகளையும் நீக்கிவிடுங்கள். மேலே சொன்ன கலவையில் ஆழமான தொட்டியில் நட்டு, தலைக்குமேல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து நிழலில் வைத்தால், நான்கு முதல் ஆறு வாரத்தில் துளிர்க்கும். துளிர் வந்ததும் பையில் துளைகள் போட்டு, ஒரு வாரம் கழித்து முழுதாக எடுங்கள். சுவரில் மிச்சமிருக்கும் வேர் திரும்பவும் முளைக்கும். பெயர்த்த இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து உடனே சிமென்ட் பூசிவிடுங்கள்.